கருத்துப் புத்தகத்தில் நான் எழுதியது

பத்தொன்பது வருடம் ரயில் ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ஒரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, குழந்தைகளை இறக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடியும் புறப்படுவார். ஏரியைச் சுற்றி ஒன்றேகால் கிலோமீட்டர், நடுவில் ஒரு குகை. குகை என்றால் மலையைக் குடைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டில் கட்டி மேலே புல் வளர்த்தது. ரயில் அதற்குள் நுழைந்ததும் குழந்தைகள் கூச்சல் போடும். பெரியவர்களும் போடுவார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

எனக்குச் சம்பந்தம் பேசியபோது என் தாய்மாமா, "மாப்பிள்ளைக்கு ரயில் டிரைவர் வேலை" என்று மட்டும்தான் சொன்னார். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கல்யாணமான நான்காம் நாள் இவர் என்னைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், நீலமும் மஞ்சளும் அடித்த அந்தக் குட்டி எஞ்சினைக் காட்டினார். "இதுவா?" என்றேன். "இதுதான்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. போனில், "மாப்பிள்ளை எந்த லைன்லம்மா ஓட்டுறாரு?" என்று கேட்பார். "சுத்து லைன்ப்பா" என்பேன். பெரிய லைன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எங்கள் நகரம் முதலில் தாளில் வரைந்து, பிறகு தரையில் கட்டியது. தெருவெல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி போகும். வட்டாரத்துக்கு எண், தெருவுக்கு எண், மரத்துக்குக்கூட எண். வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். காலையில் ரோஜாத் தோட்டம், அதற்குப் பிறகு கண்ணாடி வீடு, வெயில் ஏறியதும் ஏசிக்காக மியூசியம், சாயங்காலம் ஏரியும் ரயிலும், இருட்டியதும் பாட்டுக்கு ஆடும் நீரூற்று. ஒரே நாளில் மொத்தத்தையும் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன சுத்தம்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுத்தம் செய்கிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டாலும் தெரியாது. ஏரிக்குத் தோண்டிய மண்ணைக் குவித்து ஒரு குன்று செய்திருக்கிறார்கள். முன்பக்கம் படிக்கட்டு, மேலே ஊரைப் பார்க்க ஒரு மேடை. பின்பக்கச் சரிவில் புதர் அடர்ந்து கிடக்கும். அதற்குக் கீழேதான் எங்கள் தகரக் கூரை வரிசை, முப்பத்திரண்டு வீடு. பூங்கா வாசலில் இருக்கும் வரைபடத்தில் கழிப்பறை இருக்கிறது, குடிநீர்க் குழாய் இருக்கிறது, வாத்துக் கூண்டு இருக்கிறது, நாங்கள் மட்டும் இல்லை. அந்தப் புதர் தானாக வளர்ந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரி அக்காதான் சொன்னாள்: "தானா எங்கடி வளர்ந்துச்சு? நட்டதே நான்தான். வீடு கண்ணுல படாத மாதிரி நெருக்கி நடுன்னாங்க."

இனி அந்த எஞ்சினைப் பற்றி. அதை அழகுக்காகச் செய்திருந்தார்கள், உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல். என் வீட்டுக்காரர் ஆறடி இரண்டங்குலம். பூங்காவில் அவருக்கு 'நெட்டை' என்றுதான் பெயர். முழங்காலை மடக்கி மோவாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார முடியும். வலது முழங்கால் எஞ்சினை மூடிய தகரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் தகரமோ அடுப்பாகக் கொதிக்கும். பத்தொன்பது கோடை அப்படிப் போயிற்று. அந்த இடத்துத் தோல் கறுத்து, தடித்து, கிள்ளினால்கூட உறைக்காது.

ரயிலுக்குக் கார்டு ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இவரே எஞ்சினிலிருந்து தன்னைப் பிரித்து வெளியே எடுத்து, ஐந்து பெட்டிக்கும் நடந்து போய், இருபது கதவின் கொக்கியையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் மடங்கி உட்காருவார். விடுமுறை நாளில் இருபது சுற்று வரும். "எட்டிப் பார்த்தா போதாதா? எல்லாத்தையும் தொடணுமா?" என்று கேட்டிருக்கிறேன். "தொட்டுப் பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்பார். பத்தொன்பது வருடத்தில் ஒரு குழந்தைக்கும் நகக்கீறல்கூடப் பட்டதில்லை.

இத்தனைக்கும் அவர் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கும் பட்டியல் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் இவர் பெயரைத் தாண்டிப் போனது. மூன்றாவது பட்டியல் வந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு ஆகிவிட்டால் சட்டப்படி சேர்க்க மாட்டார்கள். ஆக இதுதான் கடைசி. பெயர் வந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, வயதான பிறகு ஓய்வூதியம், குன்றுக்கு முன்பக்கம் குழாய் வைத்த ஓட்டு வீடு. வராவிட்டால், கால் ஓய்கிற அன்றைக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

பட்டியலை முடிவு செய்ய ஒரு குழு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவைச் சுற்றிப் பார்க்கும், கூட்டம் எப்படி என்று பார்க்கும், வாசலில் இருக்கும் பார்வையாளர் கருத்துப் புத்தகத்தைப் புரட்டும். அன்றைக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாதே என்று மேற்பார்வையாளர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஊழியர் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய், முன்வாசல் வழியாகப் பார்வையாளர்களாக உள்ளே வர வேண்டும். அவரவர் வீட்டு ஆளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. போகும்போது கருத்து எழுத வேண்டும். எல்லோரும் ஒன்றையே எழுதித் தொலைப்போம் என்று ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பார். ஒருத்திக்கு 'மலர்கள் கண்ணைக் கவர்ந்தன'. இன்னொருத்திக்கு 'கழிப்பறைகள் மிகத் தூய்மை'. அந்தச் சீட்டு கழிப்பறை கழுவுகிறவளின் தங்கைக்கே போனது. "எங்கக்கா கழுவினத நானே மெச்சிக்கணுமா?" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரம் வியாழக்கிழமை இவருக்குக் காய்ச்சல் பிடித்தது. இரண்டு முழங்காலும் பன்னு மாதிரி வீங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை போய் விடுப்பு கேட்டார்.

"இப்பவா?" என்றாராம் மேற்பார்வையாளர். "ஞாயித்துக்கிழமை குழு வருது. உன் பேரு லிஸ்டுல வரணுமா, வேணாமா?"

"வரணும் சார்."

"அப்ப வாய மூடிக்கிட்டு ஓட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "உடம்பு நெருப்பாக் கொதிக்குது. இன்னிக்கு நீங்க போகவே கூடாது."

"இன்னிக்கு ஒரு நாள்டி. இதைத் தாண்டிட்டா ரெண்டு மாசம் படுத்தே கெடப்பேன், சம்பளத்தோட" என்று சிரித்தார். பல் தந்தியடித்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நான்தான் போட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு நான் பார்வையாளர் ஆனேன். தோட்டக்காரி அக்கா எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். கண் ஆபரேஷனுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. இரண்டு பேருமாக ரயிலில் மூன்றாவது பெட்டியில் ஏறினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அதில் ஏறியது அன்றைக்குத்தான். அவர் ஒவ்வொரு கதவாக அழுத்திக்கொண்டு வந்தார். எங்கள் கதவில் என் கை இருந்தது. "கைய எடுங்க மேடம்" என்றார். என்னைப் பார்த்து, மேடமாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை எடுத்தேன். அப்போது அவர் விரல் என் மேல் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரிச் சுரீரென்றது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அடுத்த பெட்டிக்குப் போகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஒரு பத்து விநாடி இருக்கும். பின்னாலிருந்து ஒருவன், "என்னப்பா, வண்டி எடுக்குமா எடுக்காதா?" என்று கத்தினான். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். ஆனால் நான் அவருக்கு யாரோ. கிளம்பியது, குகை வந்தது, குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். அந்த இருட்டில் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

இறங்கியதும் நேராகக் கருத்துப் புத்தகத்துக்குப் போனேன். வாசலில் ஒரு மேஜை, நூலில் கட்டிய பேனா. என் சீட்டில் இருந்தது இது: 'ரயில் பயணம் இனிமையாக இருந்தது. ஓட்டுநர் குழந்தைகளிடம் அன்பாகப் பழகினார்.' அதை எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் புத்தி அப்போது இப்படி ஓடியது. பெண்டாட்டி சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் இன்றைக்கு நான் பெண்டாட்டி இல்லையே, எங்கிருந்தோ வந்து இறங்கிய பார்வையாளர் அம்மா. இந்த ஊரில் பார்வையாளர் வாய் திறந்தால் அது நடக்கும். உட்கார இடம் போதவில்லை என்று ஒருவர் எழுதினார், ஒரே வாரத்தில் எட்டு பெஞ்சு வந்தது. வாத்துகள் மெலிந்திருக்கின்றன என்று ஒரு அம்மா எழுதினார், மறுநாளே தீனியைக் கூட்டினார்கள். அப்படியானால் என் வீட்டுக்காரருக்காகவும் ஒருவர் எழுதட்டுமே!

எழுதினேன். நான் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'இந்த ஓட்டுநர் மிகவும் நல்லவர். ஒவ்வொரு கதவையும் தானே தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார். அவருக்குக் கடுமையான காய்ச்சல். முழங்கால் வீங்கி நிற்கவே முடியவில்லை. அப்படியும் ஓட்டுகிறார். அவருக்கு ஓய்வு கொடுத்து, உதவிக்கு ஒரு ஆளும் போடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே வாயில் வந்த ஒரு பெயரைப் போட்டேன். சாமர்த்தியசாலி என்று எனக்கே என் மேல் ஒரு மெச்சுதல். அன்றைக்குச் சாயங்காலம் பாட்டுகூடப் பாடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானமே அவர் வந்து நின்றார்.

"என்னங்க, இந்நேரத்துல? வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இன்னிக்கு இவ்வளவுதானா?"

"இன்னிக்கில்ல. மொத்தமா."

சுவரோரம் உட்கார்ந்து சொன்னார். குழு புத்தகத்தைப் படித்திருக்கிறது. உடம்பு சரியில்லாத ஆள் குழந்தைகள் ரயிலை ஓட்டியிருக்கிறான், பார்வையாளரே கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார், இது உயிரோடு விளையாடுகிற விஷயம் என்று பெயரை அடித்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. விசிலையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். லீவு கேட்டேனே என்று இவர் மேற்பார்வையாளரைப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்திருக்கிறான்.

"எவளோ ஒரு புண்ணியவதி" என்றார். "அவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? கதவ ஒழுங்காத்தான பூட்டி விட்டேன்?"

அவர் மனதில் என்னைப் பற்றி ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிறவள், அன்றைக்குப் பயந்தாங்கொள்ளி மாதிரி அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் தோட்டக்காரி அக்கா வந்தாள். அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். "நீதான எழுதின? சீட்டுல ரெண்டே வரி இருந்துச்சு. நீ பக்கம் பூரா எழுதிக்கிட்டு நின்னத நான் பார்த்தேன்."

"ஆமாக்கா. நான்தான். போய்ச் சொல்லிடப் போறேன், அது பார்வையாளர் இல்ல, நான்தான்னு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. நீ ஊழியர் வீட்டு ஆளுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் யார் எழுதினதுன்னு கேப்பாங்க. மொத்தப் புத்தகமும் பொய்யாயிடும். லிஸ்டுல பதினோரு பேர் இருக்காங்க, என் பையனும் இருக்கான். உன் வீட்டுக்காரருக்குப் போனது போச்சு. எங்க வாயிலயும் மண்ணப் போட்டுடாத."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போனது போச்சுன்னு உன் வீட்டுல போயிருந்தா சொல்வியாக்கா?" என்றேன். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். இப்போது நினைத்தால் அவள் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் அவ்வளவு நல்லவள் இல்லை. பதினோரு குடும்பம் ஒரு நாள் முழுக்க என் மனதில் நின்றது. அதற்கு மேல் அவருடைய முழங்கால் மட்டும்தான் நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

குழுவுக்குத் தலைவராக வந்த அதிகாரி நல்ல மாதிரிதான். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரில் நகரத்தின் வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"சார், ரயில் டிரைவரைப் பத்தி எழுதினது பார்வையாளர் இல்ல. நான். நான் அவர் சம்சாரம்" என்றேன். தலையில் இடி விழட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ நம்ம ஆளு வீட்டுல எழுதினதுன்னு தெரியும்மா. அன்னிக்கு வந்த கூட்டத்துல பாதி நம்ம ஆளுங்கதான. ஒவ்வொரு தடவையும் பாக்குறோமே."

"அப்ப அந்தப் பாராட்டெல்லாம்?"

"அதுவும் தெரியும்."

"எல்லாம் பொய்னு தெரிஞ்சே வச்சிருக்கீங்க. அப்ப நான் எழுதினதை மட்டும் ஏன் சார் நிஜம்னு எடுத்துக்கிட்டீங்க?"

"ஏன்னா அது நிஜம்" என்றார், குரலை உயர்த்தாமல். "அந்தப் புத்தகத்துலயே அது ஒண்ணுதாம்மா நிஜம். பூ நல்லா இருக்குன்னு பொய் எழுதினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. காய்ச்சலோட ஒருத்தர் குழந்தைங்க ரயில ஓட்டினாருன்னு எழுத்துல வந்துடுச்சு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல என் கழுத்தத்தான் பிடிப்பாங்க."

"லீவு கேட்டாரு சார். குடுக்கல."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால கேட்டாரு."

"வாயால கேட்டதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

எழுந்துவிட்டேன். "வாத்து இளைச்சிருக்குன்னு எழுதினா தீனி போடுறீங்க. மனுஷன் இளைச்சிருக்கான்னு எழுதினா வீட்டுக்கு அனுப்புறீங்க. நல்லா இருங்க சார், நல்லா இருங்க!" வெளி வராந்தா வரைக்கும் கேட்கும்படிதான் கத்தினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. மணியை அடித்தார், ஒரு ஆள் வந்து என்னை மரியாதையாக வெளியே விட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரம் பதினோரு பெயரோடு பட்டியல் ஒட்டினார்கள். அக்காவின் பையன் பெயர் நான்காவது.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் காலை நீட்டி, முழங்காலில் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க போயிட்டு வர்ற?" என்றார். எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். எழுதியதை, இரண்டு நாள் மறைத்ததை, அக்கா வந்ததை, அதிகாரி சொன்னதை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னு எழுதின? அப்படியே சொல்லு."

சொன்னேன். வரி வரியாக மனப்பாடமாக இருந்தது.

"நல்லவருன்னு எழுதினியா?"

"ஆமா."

"கதவத் தொட்டுப் பாக்குறதையும் எழுதினியா?"

"எழுதினேங்க."

"இத்தனை வருஷத்துல அதை ஒருத்தரும் எழுதினதில்ல" என்றார். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் வாயில் வந்தபடி திட்டியிருந்தால் நானும் ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பேன். ஒரு வார்த்தை திட்டவில்லை.

இப்போது அவர் ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் அடியில், கார் நிறுத்துகிற இடத்தில் நிற்கிறார். நான்கு வருடம் ஆகிறது. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஏழு வரை நிற்கிற வேலை, மடங்கி உட்கார வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரிக்கிறார். எல்லாம் பேசுகிறார். இன்றைக்கு எந்தக் கார் எந்தத் தூணில் இடித்தது, அக்காவின் பையனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கடையில் என்ன விலை என்ன என்று எல்லாம். தன் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தலைவலி என்றுகூட என்னிடம் சொன்னதில்லை. போன மாதம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருந்தது. எதற்கென்று மருந்துக் கடையில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறார். நெற்றியில் கை வைக்கப் போனால் தலையை நகர்த்திக்கொள்கிறார்.